கடைசி இருக்கையும் ஒரு மதகும்

கயானா நாடாளுமன்றத்தில் ஓர் இருக்கையின் விலை அந்த வருஷம் ஆறாயிரத்து முந்நூற்றுப் பத்து வாக்குகள். நாட்டில் விழுந்த மொத்த வாக்கை அறுபத்தைந்து இருக்கையால் வகுத்தால் வந்த தொகை அது. முழு விலை கொடுத்தவருக்கு முழு இருக்கை. அப்படி விற்றது போக மிஞ்சும் ஒன்றிரண்டு, யார் கையில் சில்லறை அதிகம் மீந்திருக்கிறதோ அவருக்கு. எஸிக்கிபோ ஆறு கடலில் சேரும் கரையில் முப்பது வருஷமாக ஆணியும் கயிறும் மண்ணெண்ணெயும் விற்பவன் நான். இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எங்கள் கட்சியிடம் இருந்தது சில்லறை மட்டும்தான். கட்சி என்றால், சுமிந்திராவும் அவள் பின்னால் இழுபட்ட நாங்களும். புருஷன் போனபின் பன்னிரண்டு ஏக்கர் நெல்லைத் தனியாகப் பார்த்துக்கொண்டவள். கடலைத் தடுத்து நிற்கும் மதகின் கதவு உடைந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அலை ஏறும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் வயலுக்குள் வந்துவிட்டுப் போகும். மூன்றாவது வருஷமும் மார்ச் மாதப் பெரிய அலை ஏறினால் மண் செத்துவிடும். மனு வாங்குகிற மேஜை ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் பழகிப்போனது. கடைசியில், யாரும் எழுந்து கதவைச் சாத்த முடியாத இடத்தில் போய்ப் பேசுகிறேன் என்று கட்சி ஆரம்பித்தாள்.

பட்டியலுக்கு நாற்பத்திரண்டு பேர் வேண்டும். நாற்பத்தொன்றில் மூன்று நாள் நின்றோம். முடி வெட்டும் அட்கின்சன், கையில் சோப்பு நுரையோடு கையெழுத்துப் போட்டு எண்ணிக்கையை முடித்துவைத்தான். அகர வரிசையில் அடுக்கியபோது அவன் பெயர்தான் தலைப்பில் வந்து உட்கார்ந்தது. சுமிந்திரா ராம்கெல்லவன் முப்பத்தொன்றாவது. வரிசைக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. மக்கள் கட்சிக்குத்தான் வாக்குப் போடுவார்கள். இருக்கை கிடைத்தால் அதில் யார் உட்காருவது என்று பட்டியல் பிரதிநிதி தேர்தல் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுப்பார். அவ்வளவுதான். அந்தப் பிரதிநிதி வேலையை என் தலையில் கட்டினார்கள். ஊரில் என் கடையில்தான் தட்டச்சு இயந்திரம் இருந்தது. குமாஸ்தா வேலை என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்து நாள் எண்ணினார்கள். முழு விலைக்குப் போனது போக மூன்று இருக்கை மிஞ்சியது. பெரிய கட்சிகள் இரண்டும் ஆளுக்கொன்றை அள்ளிக்கொண்டன. கடைசி ஒன்றுக்கு எங்களோடு மோதிய சின்னக் கட்சியிடம் 3,906. எங்களிடம் 3,912. ஆறு வாக்கில் இருக்கை எங்களுக்கு வந்தது. அன்று என் கடை வாசலில் சுமிந்திரா வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய கட்சிகள் முப்பத்திரண்டும் முப்பத்திரண்டும். நடுவில் நாங்கள் ஒன்று. மறுநாளே அதில் ஒரு பெரிய கட்சியின் ஆள், காம்ரேட் எர்ஸ்கின், தலைநகரிலிருந்து ஆற்றைத் தாண்டி என் கடைக்கு வந்துவிட்டார்.

"உங்க ஊர்க்காரம்மா நல்லா பேசுவாங்க, மிஸ்டர் பர்சராம். எங்களுக்குப் பேசுறவங்க வேணாம். கை தூக்குறவர் போதும். உங்க பட்டியல்ல முதல் பேரே நல்லாத்தானே இருக்கு?"

பதிலுக்கு என்ன என்று கேட்டேன். மதகு என்றார். புதுக் கதவு வேண்டும் என்றேன், தலையாட்டினார். தண்ணீரில் மக்காத கிரீன்ஹார்ட் மரத்தில் வேண்டும் என்றேன்; தலையாட்டினார். இரும்புச் சங்கிலி, இரட்டைக் கப்பி, மார்ச்சுக்கு முன்னால் என்று ஏற்றிக்கொண்டே போனேன், எல்லாவற்றுக்கும் ஆட்டினார். சொன்ன விலைக்கெல்லாம் தலையாட்டுகிறவன் வாங்க வந்தவன் இல்லை என்பது கடைக்காரன் முதல் வருஷத்திலேயே படிக்கும் பாடம். அன்று எனக்கு அது ஞாபகம் வரவில்லை. என் பேரத்தின் அழகில் நானே மயங்கியிருந்தேன்.

சுமிந்திராவிடம் சொன்னேன். கவுன்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சாச்சா, ஒரு கிலோ ஆணி கடனாக் கேட்டா மாமனார் பேரு வரைக்கும் விசாரிப்பீங்க. இந்த ஆளு கார்ல வந்தான்னதும் மதகையே நம்பிட்டீங்களா? முதல்ல கதவு வரட்டும். அப்புறம் எவன் பேரை வேணா எழுதுங்க."

கடிதத்துக்கு நாளை மதியம்தான் கெடு என்றேன். நீ தனியாகப் போய்க் கத்தினால் மற்ற அறுபத்திநாலு பேரும் தேநீர் குடித்துக்கொண்டே கேட்பார்கள், ஒரு பலகைகூட நகராது என்றேன். இரண்டும் உண்மைதான்.

"நகரலைன்னா போகட்டும். என் பேரை எழுதுங்க, சாச்சா. கதறறதுக்காவது ஒரு இடம் வேணும். உங்க கால்ல விழணுமா? விழறேன்."

விழவும் வந்தாள். தடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அட்கின்சன் என்று தட்டச்சினேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நம்பித்தான் தட்டினேன்.

ஜனவரியில் டவுனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மதகின் இரு பக்கமும் சிவப்புச் சாயம் பூசிய குச்சி ஒவ்வொன்று அடித்தார்கள். என் கடையில் குளிர்பானம் குடித்துவிட்டுப் போனார்கள். அட்கின்சன் கை தூக்க, பட்ஜெட் முப்பத்துமூன்றுக்கு முப்பத்திரண்டு என்று நிறைவேறியது. அதற்குப்பின் யாரும் வரவில்லை.

மூன்று தடவை ஆற்றைத் தாண்டிப் போனேன். எர்ஸ்கின் எப்போதும் கூட்டத்தில் இருந்தார். அட்கின்சன் டை கட்டி, வேறொருவனிடம் முடி வெட்டிக்கொண்டு, தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டான். மதகைப் பற்றி ஒரு வார்த்தை கேள் என்று கெஞ்சினேன். "கேட்கச் சொன்னா கேட்கறேன், பர்சராம் அங்கிள். இன்னும் சொல்லலை" என்றான். தேர்தல் அலுவலகத்துக்கு ஓடி, என் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அங்கிருந்த பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"பட்டியல்லேர்ந்து எடுத்த பேரைத் திரும்ப வைக்க இடமில்ல, மிஸ்டர். அரசிதழ்ல வந்தாச்சு."

மார்ச் அலை ஒரு மதியத்தில் ஏறியது. மணல் மூட்டை, பழைய கதவு, என் கடைத் தகரம் என்று கிடைத்ததையெல்லாம் திறப்பில் போட்டுப் பார்த்தோம். சுமிந்திராவும் அவள் மகன்களும் இடுப்பளவு தண்ணீரில் முதுகைக் கொடுத்து நின்றார்கள். நானும் நின்றேன். கடல் எங்கள் கால்களுக்கு நடுவே நிதானமாக உள்ளே போனது. தண்ணீர் வடிந்தபோது பயிரின் மேல் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

மறுநாள் அவள் கடைக்கு வந்தாள். அந்த இரண்டு சிவப்புக் குச்சிகளையும் பிடுங்கிக்கொண்டு வந்து கவுன்டரில் வைத்தாள். சேறு சொட்டியது.

"வரவுல எழுதுங்க, சாச்சா."

நான் எழுதும் வரை நின்றாள். எழுதினேன்.

கொடுத்தது: வாக்கு 3,912. பெயர் 42. இருக்கை 1.
வந்தது: குச்சி 2.
பாக்கி: மதகு 1.