கொலுவில் நின்ற மைசூர்த் தளபதி

"எங்கே என் சாப்பாட்டு மேஜை?"

வாசுதேவனின் குரல் நிக்டி காலனியின் மாடிப்படிவரை கேட்டது. பிம்ப்ரி ஃபாக்டரியில் முதல் ஷிஃப்ட் முடித்து வந்தவர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

மேஜை ஹாலில்தான் இருந்தது. அதன்மேல் வெள்ளை வேட்டி, வேட்டிமேல் தசாவதாரம். கொலுவின் மேல்படியாகியிருந்தது.

விடிகாலையில் அதே மேஜையில் மைசூர்ப் படையும் வெள்ளைக்காரக் கும்பினிப் படையும் மோதிக்கொண்டிருந்தன. துளசிபாக் கடைத்தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் சிப்பாய்களுக்கு அவரே வர்ணம் பூசியிருந்தார். மைசூருக்குப் பச்சை, கும்பினிக்குச் சிவப்பு. எதிராளி கிடையாது. இரண்டு பக்கமும் அவரே நகர்த்துவார், பகடை தீர்ப்புச் சொல்லும். ஒரு சண்டை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். தோற்ற படை வரைபடத்தில் பின்வாங்கும், அடுத்த சண்டை அங்கே. சித்திரையில் தொடங்கிய யுத்தம் கடைசிச் சண்டைக்கு வந்திருந்தது. ஷிஃப்ட்டுக்கு நேரமானதால் பாதியில் விட்டுப் போயிருந்தார். மைசூர் ஜெயிக்கும் நிலை. அவர் மனசும் அந்தப் பக்கம்தான். ஆனால் அதற்காக ஒருமுறைகூடப் பகடையை மறுபடி உருட்டியதில்லை. அந்தச் சுத்தம்தான் அவர் கர்வம்.

"சிப்பாயெல்லாம் பத்திரமா இருக்கா அத்திம்பேர்!" என்றான் பத்ரி. மனைவி ஸ்ரீவித்யாவின் தம்பி. ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்து ஊரின் மறுகோடியில் கோந்த்வாவில் தங்கியிருப்பவன். படி கட்ட அக்கா கூப்பிட்டிருந்தாள்.

கீழே, கொலுப் பூங்காவில், பச்சை ஒன்று சிவப்பு ஒன்றாக, பள்ளிக்கூட அணிவகுப்பு போல நின்றார்கள் எல்லோரும். நடுவில் குதிரைமேல் மைசூர்த் தளபதி. வாசுதேவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. குனிந்து கையை நீட்டினார்.

"தொடாதேள்!" ஸ்ரீவித்யா குறுக்கே வந்தாள். "கொலுவில ஏத்தியாச்சு. விஜயதசமி வரைக்கும் ஒரு பொம்மையும் நகரக்கூடாது."

"அது பொம்மை இல்லேடி! படை!"

"ஏன் இவ்ளோ கோவம்?" பத்ரி சிரித்தான். "ரெண்டு பக்கமும் நீங்களேதானே? மனசுக்குப் பிடிச்சவா ஜெயிக்கப்போறா. எழுதிவச்சுட்டுப் போகவேண்டியதுதானே!"

வாசுதேவன் ஹெல்மெட்டைச் சோபாவில் வீசினார். "என்ன சொன்னே? ஏமாத்தறேனா? உக்காருடா கீழே!"

சமையலறைக்குப் போய் இரண்டு டப்பாக்களோடு வந்தார். தரையில் கறுப்புக் கொண்டைக்கடலை மைசூர், வெள்ளைக் காபூலி சனா கும்பினி. எந்தப் பீரங்கி எந்த மேட்டில், எந்தக் குதிரைப்படை எந்த ஓடைக்குப் பின்னால் என்று மளமளவென்று அடுக்கினார். மைசூர்த் தளபதி ஓர் ஏலக்காய்.

"சுண்டலுக்கு வச்சதுன்னா!" என்றாள் ஸ்ரீவித்யா.

"வேற வாங்கித் தரேன். டேய், நீ மைசூர். நான் கும்பினி. ஜெயிக்கற பக்கம் உன்னுது. இப்போ பாரு, நான் எப்படி ஏமாத்தறேன்னு!"

பத்ரி அலட்சியமாகத்தான் தொடங்கினான். மூன்றாவது சுற்றில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். ஐந்தாவதில், "விடாதே, விடாதே!" என்று கடலைகளிடம் கத்தினான். காபூலி சனா கொத்துக் கொத்தாக டப்பாவுக்குத் திரும்பியது. கும்பினிக்கு மிச்சம் ஒரே ஒரு பீரங்கி.

"தளபதி மேல சுடறேன்," என்றார் வாசுதேவன். "ரெண்டு ஆறு விழுந்தா அவன் காலி. தளபதி போனா படை ஓடும்."

"சுடுங்கோ, சுடுங்கோ. எங்கே விழப்போறது!"

உருட்டினார். ஒன்று உடனே நின்றது. ஆறு. மற்றது உருண்டு பத்ரியின் கால் கட்டை விரலில் மோதித் திரும்பியது.

ஆறு.

"செல்லாது! என் கால்ல பட்டுது! மறுபடி போடுங்கோ!" பத்ரி துள்ளி எழுந்தான்.

வாசுதேவன் ஏலக்காயையே பார்த்தார். மறுபடி போடலாம். எதிராளியே கேட்கிறான். மைசூர் ஜெயிக்கத்தானே சித்திரையிலிருந்து அவரும் ஆசைப்பட்டார்.

"பஸ் கரோ! போதும்!" என்று கத்தினார். "விழுந்தது விழுந்ததுதான்!"

"நீங்களும் மைசூர் பக்கம்தானே அத்திம்பேர்?"

"அதனாலதாண்டா சொல்றேன், மடையா!" ஏலக்காயை எடுத்து ஜன்னல் வழியே வீசிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நவராத்திரி முழுக்கக் கொலுவின் பக்கம் அவர் திரும்பவில்லை. வெற்றிலை பாக்கு வாங்க வந்த மராட்டிப் பெண்கள் குதிரைவீரனை மெச்சியபோதும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

விஜயதசமி ஆரத்தி முடிந்ததும் ஸ்ரீவித்யா கூப்பிட்டாள். "ஏன்னா, ஒரு பொம்மையைப் படுக்க வைக்கணும். மரப்பாச்சியை எடுங்கோ."

அவர் மரப்பாச்சியைத் தொடவில்லை. பூங்காவில் குனிந்து, பச்சைத் தளபதியைக் குதிரையோடு மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்தார்.

பின்னாலிருந்து பத்ரி தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அடுத்த யுத்தம் எப்போ அத்திம்பேர்? நானும் வரட்டுமா?"

"வந்தே, காலை ஒடிச்சுடுவேன்," என்றார் வாசுதேவன். "நான் தனியாத்தான் ஆடுவேன்."