பச்சைத் திரைக்குப் பின்னால் ஏகமனது

...மரியாதையாம், பெண் அங்கத்தவர்களுக்குச் சங்கம் செய்கிற மரியாதையாம், பெண்கள் வார்டில் இருந்த ஒரேயொரு திரையைச் சில்லு கிறீச்சிட உருட்டிக்கொண்டு வந்து வெளிநோயாளர் விறாந்தையின் மூலையில் நிறுத்தி, அதற்குப் பின்னால் ஒரு வாங்கைப் போட்டு, இருங்கள் சகோதரிகளே என்று சொன்ன மனுசனுக்கு அந்தத் திரை எதற்கென்று தெரியாதா, காலமெல்லாம் இந்த ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிற டிஸ்பென்சர், சங்கத்தின் தலைவர் முகைதீன்பாவாவுக்கு, அங்கே நற்பிட்டிமுனைப் பிள்ளை மீனாம்பிகை பிரசவ நோவில் முறுகிக்கொண்டு கிடக்கிறாளே, பார்க்க வந்த ஆண்களெல்லாம் அவளைத் தாண்டித்தானே போகிறார்கள், அவளுக்கு மரியாதை வேண்டாமா... றுகையா வாங்கின் விளிம்பில் குந்தியிருந்தாள். பச்சைச் சீலையில் மருந்துநெடி. பக்கத்தில் குசினிக்காரி சபூறா, முக்காட்டுக்குள் கொட்டாவி. மற்றப் பெண் அங்கத்தவர் காரைதீவுத் தங்கரத்தினம், றுகையாவைப் போல வார்டு வேலைக்காரி, வந்த வேகத்திலேயே எழும்பி வார்டுக்குப் போய்விட்டாள். எனக்கென்னத்துக்குக் கா திரை, நான் என்ன புள்ள பெறவா வந்தன் என்று அவள் கேட்டதற்கு, ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் சங்கத்தில் இனமத பேதம் கிடையாது, திரை எல்லாருக்கும் பொது என்று தலைவர் பதில் சொன்னார், அதற்கும் ஆம்பிளைகள் கை தட்டினார்கள், எதற்குத்தான் தட்டவில்லை அவர்கள்.

போன கூட்டத்திலும் தட்டினார்கள். பாராளுமன்றத் தேர்தலில் நம்முடைய சங்கம் யாருக்கு வாக்குப் போடச் சொல்லும், இரவுக்கு ஒரு மருத்துவிச்சி தருவேன் என்று மேடையிலே சொல்லுகிறவருக்கு, அவருக்கு மட்டுந்தான்... அது றுகையாவின் பிரேரணை. எழுந்து நின்று சொன்னாள். ஏனென்றால் இருக்கிற ஒரு மருத்துவிச்சி பொழுதுபட மஃரிபு பாங்கு சொல்வதோடு வீட்டுக்குப் போய்விடுவாள், அதற்குப் பிறகு இந்த ஆஸ்பத்திரியில் பிறக்கிற பிள்ளைக்கு றுகையாவின் கைதான், சட்டி கழுவுகிற கை, அந்தக் கைக்குள்தானே மருதமுனை நெசவுக்காரன் பெண்சாதி சுல்பிகா குளிர்ந்துபோனாள், ராத்தா விட்டுட்டுப் போகாதீங்க என்று மணிக்கட்டைப் பிடித்த பிடி, அடுத்த நாள் சோறு பிசையும்போதும் விரலடையாளம் இருந்தது... சோறு. சோற்றில்தான் எல்லாம் போனது. நிர்வாக சபை கோரிக்கையோடு கலந்தர் ஹாஜியார் வீட்டுக்குப் போனது, ஹாஜியார் குடைச் சின்னத்தில் தேர்தல் கேட்கிறார், நெய்ச்சோறு வைத்தார், ஒரே சகனை, அந்தப் பெரிய சோற்றுத் தட்டை, சுற்றி இருந்து ஒன்றாய்க் கையை வைத்துத் தின்றார்கள், ஒரு சகனில் தின்றவனுக்கு எதிராய்ப் பிறகு எப்படிக் கை தூக்குவது, தின்ற கைதானே. மருத்துவிச்சிக்குப் பதிலாய் என்ன கிடைத்தது? வளைவு. ஆஸ்பத்திரி வாசல் படலைக்குச் சீமெந்து வளைவு, இரண்டு பக்கமும் பிறை, நடுவில் ஹாஜியாரின் பெயர். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறவள் வளைவுக்குக் கீழாலே வண்டியில் வரலாம், எவ்வளவு பெரிய பாக்கியம்.

அவரை எதிர்த்து நிற்கிற வக்கீல் மஜீட் புரொக்டரைப் படலையடியில் மறித்து மருத்துவிச்சியைப் பற்றிக் கேட்டது றுகையாவும் தங்கரத்தினமுந்தான். ஓம், சொல்றன் என்றார், அன்றைக்கு அந்தியிலேயே சந்தை மேடையில் சொல்லியும் விட்டார். அதைத் தலைவரிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு... அவர்ர வீட்ட போனா வெறும் பிளேன்டீதான் தங்கச்சி, அந்தாள் எப்படி வெல்லுற.

இப்போது திரைக்கு அந்தப் பக்கம் அதே குரல், தேன் தடவி. வரலாற்றுத் திருப்பமாம். தொழிலாளர் எழுச்சியாம். கலந்தர் ஹாஜியார் நோயாளிகளின் தோழராம், ஹாஜியார் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தது ஒரே ஒரு தரம், அதுவும் அவருடைய வண்டிமாடு வாசலில் படுத்துவிட்டதால்... ஹாஜியாருக்கே வாக்கு என்பதை ஆதரிக்கிறவர்கள் கை உயர்த்துங்கள் என்றார், சட்டைக் கைகள் உரசுகிற சத்தம். எதிர்க்கிறவர்கள்? றுகையா தூக்கினாள். முழங்கை வரைக்கும் காப்பு வழுகி விழத் தூக்கினாள். விரல்நுனிக்கு மேலேயும் பச்சைச் சீலைதான். நிமிர்ந்து எட்டினாலும் சீலை. எழும்பி நிற்கலாமா, நின்றால் முக்காடு தெரியும், எதிர்ப்பு தெரியுமா... காக்கா என்று, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, தலைவரைக் கூப்பிட்டாள், யாரோ செருமினார்கள், அவ்வளவுதான். செயலாளர் நல்லரெத்தினம் மட்டும், பாவம் சட்டம் படித்தவர் போல எதையும் ஒழுங்காய்ச் செய்ய நினைக்கிற மனுசன், பொம்பிளையள்ற கை தெரியல்லயே தலைவர் என்றார். தலைவர் நிதானமாய்ச் சொன்னார், முதல்ல துஆ ஓதுவம், பிறகு பார்ப்பம்.

துஆவில் அவருக்கு நிகர் யார். கை ஏந்தினார், சபை ஏந்தியது. யா அல்லாஹ் எங்கள் நோயாளிகளுக்குச் சுகத்தைத் தா. ஆமீன். வயலுக்கு மழையைத் தா. ஆமீன். கடலுக்குப் போன பிள்ளைகளைக் கரை சேர். ஆமீன், றுகையாவின் தம்பியும் கடலில்தான், அந்த ஆமீன் அடிவயிற்றிலிருந்து வந்தது. மௌத்தானவர்களின் கபுறுகளை விசாலமாக்கு. ஆமீன், மண்ணுக்குள் போன சுல்பிகா, கண் நிறைந்துவிட்டது, நிறைந்த கண்ணோடு அடுத்த வசனமும் வந்து சேர்ந்தது, கலந்தர் ஹாஜியாருக்கு வெற்றியைத் தா. ஆமீன்.

வாய் சொல்லிவிட்டது. அவள் சொல்லவில்லை, வாய் சொன்னது, வண்டில் தடத்தில் மாடு தானாய்ப் போகிறது போல. சபூறா கொட்டாவிக்கு நடுவிலேயே சொல்லிவிட்டாள். நல்லரெத்தினமும் சொன்னார், கேட்டது. உடனே தலைவரின் குரல் அவரிடம்:

"பாத்தீங்களா, திரைக்குப் பின்னால இருந்தும் ஆமீன் கேட்டுட்டு. ஏகமனது எண்டு எழுதுங்க தம்பி."

இல்லை, அது ஆமீன் இல்லை, அது வேறு ஆமீன், நான் கை தூக்கினேன், இதோ இன்னும் வலிக்கிறது தோள்... எழும்பினாள். அதற்குள் தங்கரத்தினம் ஓடி வந்தாள், கூட்டத்தைப் பார்க்கவில்லை, தலைவரைப் பார்க்கவில்லை. தண்ணிக்குடம் உடைஞ்சிட்டு கா, மருத்துவிச்சி போயிட்டா, திரையக் கொண்டா. றுகையா இரும்புச் சட்டத்தைப் பிடித்து இழுத்தாள். சில்லு அலறியது. வெளிச்சம் திடுமென்று முகத்தில் விழுந்தது, ஆம்பிளைகள் எல்லாரும் மரியாதையாய்த் தரையைப் பார்த்தார்கள், சபூறா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தங்கச்சி, கூட்டம் முடியல்லயே."

"நீங்க முடிங்க காக்கா. அங்க ஒருத்தி தொடங்கிட்டா."

உருட்டினாள், சீமெந்து வெடிப்புகளில் தட்டித் தட்டி, பின்னால் யாரோ நன்றியுரை தொடங்கினார்கள், நன்றியுரை, யாருக்கு... வார்டில் இருள் ஏறிக்கொண்டிருந்தது. திரையை மீனாம்பிகையைச் சுற்றி விரித்தாள், இப்போது அது திரை. கைகளைச் சோப்பில் தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்க ஆத்திரம் நுரைத்ததே தவிரக் கழுவுப்படவில்லை. மீனாம்பிகை மணிக்கட்டைப் பிடித்தாள், அதே இடம், அதே மணிக்கட்டு. தங்கரத்தினம் விளக்கைத் தூண்டிவிட்டுக் கண்ணகி அம்மனுக்கு எதையெதையோ நேர்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, நீயும் உங்கட அல்லாட்டக் கேளன் கா என்றாள். கேட்டாள். தாயையும் பிள்ளையையும் சுகமாய்ப் பிரித்துத் தா றப்பே, இந்த ஒருத்தியையாவது. கேட்டு முடித்து, அந்தக் கடைசிச் சொல் வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்து நின்றது. உயர்த்திய கை சீலையைத் தாண்டவில்லை, இந்தச் சொல்தானே தாண்டிப் போனது, போய் யாருடைய வளைவில் ஏறி உட்கார்ந்தது... மீனாம்பிகையின் பிடி இறுகியது, தங்கரத்தினம் காத்துக்கொண்டிருந்தாள், றுகையாவின் வாய் திறந்தபடி நின்றது.