சாப்பாட்டறைக் காது

கண்ணாடிக்கடைக்காரியின் வீட்டுச் சாப்பாட்டறைச் சுவரில் முளைத்தது இடது காது. சுவருக்கும் காது உண்டு என்று சொல்லிவைத்தவர்கள் அது எந்தப் பக்கத்துக் காது என்று சொல்லாமல் போனதால் முதலில் ஊரில் கொஞ்சம் குழப்பம் இருந்தது. எல்லார் வீட்டிலும் இடதுதான் என்று தெரிந்ததும் அடங்கிவிட்டது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தையில் குண்டு வெடித்த வருஷம் அது. அவளுடைய தங்கை மகள் அதில்தான் ஒரு காலை இழந்தாள். வீட்டுக்கு ஒரு காது வைக்கப்போகிறோம், அதற்குக் கேள்வித்துறை என்று ஒன்று தொடங்குகிறோம் என்று அரசாங்கம் சம்மதம் கேட்டபோது, கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. துறையில் சேருகிறவன் இடது காதைக் கொடுத்துவிட வேண்டும். அது ஏதாவது ஒரு வீட்டுச் சுவரில் முளைக்கும். யார் காது யார் வீட்டில் என்பது ரகசியம். வேலையில்லாத் திண்டாட்டம் ஒரே வருஷத்தில் ஒழிந்தது. பாதி ஊர் மீதி ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தது. துறைக்குத் தன் ஆட்கள் மேலேயே நம்பிக்கை இல்லாததால், கேட்கிறவர்கள் வீட்டிலும் வேறொருவர் காது முளைத்திருந்தது. பேருந்து நிலையத்தில் வைக்க இருந்த ஒரு பையை எங்கோ ஒரு சமையலறைக் காது பிடித்துக் கொடுத்ததும் உண்மை. அதை இன்றைக்கும் யாரும் மறுப்பதில்லை. அவளும் தன் வீட்டுக் காதை ஒட்டடை அடிக்கும்போது ஈரத்துணியால் துடைத்துவிடுவாள்.

அவள் புருஷன் பேருந்து ஓட்டினான். ஒருநாள் பாலத்து நெரிசலில் மாட்டி, ஆறிப்போன சாப்பாட்டின் முன் வந்து உட்கார்ந்து, "அந்தப் பாலத்தத் தூக்கி ஆத்துல போட்டாத்தான் நான் நேரத்துக்கு வீடு வந்து சேருவேன்" என்றான். அவள் சிரித்தாள். மறுநாள் வண்டியை நடுவழியில் நிறுத்தி, பயணிகளை இறக்கிவிட்டு, அவனை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள். நீதிமன்றத்தில் அந்த வாக்கியத்தை நீதிபதி இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். அவள் சிரித்ததையும் வாசித்தார்கள். சிறையில் மூன்றாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டான் என்று ஆள் வந்து சொன்னான். உடம்பைக் கேட்டாள்; அடக்கம் செய்தாகிவிட்டது என்றார்கள். எந்த இடத்தில் என்று கேட்டாள்; அது பாதுகாப்பு விஷயம் என்றார்கள். அதற்குப் பிறகு அவள் காதைத் துடைப்பதில்லை. அந்த அறையில் வாய் திறப்பதும் இல்லை.

இப்படி இருக்கையில் ஒருநாள் கடைக்கு ஓர் ஆள் வந்தான். நாற்பதைத் தாண்டியவன், நீலச் சட்டை, இடது பக்கம் முடியை நீளமாக வளர்த்துச் சீவியிருந்தான். "கிட்டத்துல எழுத்து தெரியல மேடம். வாங்கின கண்ணாடியும் நிக்க மாட்டேங்குது" என்றான். மாட்டிப் பார்க்க அவள் முடியை ஒதுக்கியபோது, காது இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது. அவள் வலது காதைப் பார்த்தாள். மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. மேல் விளிம்பு ஒரு இடத்தில் காகித ஓரம்போல மடங்கியிருந்தது. வருஷக்கணக்காகத் தட்டுக்கு நேரே பார்த்த காது, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் மாறி, அவள் கைக்குள் சூடாக இருந்தது. "பட்டை வெச்சுத் தர்றேன், நாளைக்கு வாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சுவரோரம் போய், "அந்த நீலச் சட்ட உங்களுக்குப் பொருந்தவே இல்ல" என்றாள். மறுநாள் அவன் வெள்ளைச் சட்டையில் வந்தான். முகம் அதைவிட வெளுத்திருந்தது. இரண்டு பேரும் விலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

அன்றிலிருந்து தினமும் கடை திறக்கப் போகுமுன் முக்காலியைப் போட்டு ஏறி, காதில் உதட்டை ஒட்டிவைத்துப் பேசினாள். திட்டவில்லை, சாபம் விடவில்லை. திட்டினால் பழகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். காது வெறும் குருத்தெலும்பு. புருஷன் எப்படித் தூங்குவான், எந்தப் பல் வலித்தது, செருப்பை எப்படித் தேய்த்து நடப்பான், எதற்குக் கோபம் வரும், கோபம் வந்தால் எப்படித் தும்முவான் என்று ஒருவர் இன்னொருவருக்குள் பிழைத்திருக்கத் தேவையானது அத்தனையும் ஊற்றினாள். கடைசியில் அந்தப் பால வாக்கியத்தைச் சொல்லி இறங்குவாள். நீதிபதியே வாசித்தது என்பதால் அதில் குற்றமில்லை. கேட்பது உத்தியோகம் என்பதால் அவனும் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. கொஞ்ச காலத்தில் அவன் செருப்பைத் தேய்த்து நடந்தான். கோபம் வந்தால் தும்மினான். சாப்பிட உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்து, "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க" என்றான். ஒரு சாயங்காலம், பாலம் ஏறியே பழக்கமில்லாதவன், தட்டைத் தள்ளிவிட்டுத் தன் வீட்டுச் சுவருக்கு எதிரில் அந்த வாக்கியத்தை ஓட்டுநரின் குரலிலேயே சொன்னான். மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சேதி கேட்ட அன்று கண்ணாடிக்கடைக்காரி வயிறாரச் சாப்பிட்டாள்.

அவன் பெண்டாட்டி கடைக்கு வந்தது சில மாதங்கள் கழித்து. கண்ணாடிக்காக வரவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அக்கா, அவர் இருக்கிற இடத்தச் சொல்ல மாட்டேங்குறாங்க. ஆனா காது உங்க வீட்டுலதான இருக்கு? அவரு ஒருநாள் தாள்ல எழுதிக் காட்டுனாரு. நான் பேசினா அவருக்குக் கேக்கும்ல?"

"கேக்கும்."

"தெனம் ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயிடறேன்கா. பிள்ளைங்க சாப்பிட்டாங்கன்னு மட்டும்."

"எம் புருஷன் உள்ள கெடந்தப்ப எனக்கு எந்தச் சுவத்துலடி காது இருந்துச்சு?"

"அவர் ஒரு குண்டையாவது தடுத்திருப்பாருக்கா" என்று அவள் முனகினாள்.

"எங்க வீட்டுச் சாப்பாட்டுலயா?" என்று கேட்டு, கண்ணாடிக்கடைக்காரி கதவைச் சாத்தினாள். வந்தவள் விடவில்லை. மறுநாள் வீட்டு வாசலில் நின்றாள், அதற்கடுத்த நாளும் நின்றாள். மழை பெய்தது, நனைந்துகொண்டே ஜன்னல் வழியாக, "சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சுங்க" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். உள்ளே காது விடைத்துச் சிவந்ததைக் கண்ணாடிக்கடைக்காரி பார்த்தாள். இத்தனை நாளில் தன் பேச்சுக்கு அது ஒருநாளும் அப்படிச் சிவந்ததில்லை. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் போய்க் கதவைத் திறந்தாள்.

"மொதல்ல நான். அப்புறம் நீ."

அப்படித்தான் இன்றுவரை நடக்கிறது. காலையில் அவள் முக்காலியில் ஏறித் தன் பாட்டைச் சொல்லி முடிக்கும்வரை மற்றவள் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருப்பாள். ஒரு வார்த்தை குறைப்பதில்லை. அவள் முன்னால் என்பதற்காகக் குரலைத் தாழ்த்துவதும் இல்லை. முடிந்ததும் இறங்கி முக்காலியை அவள் பக்கம் தள்ளுவாள். "தொடச்சுட்டுப் பேசு, என் எச்சில் பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு, கடைச்சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.