பசைக் கூடத்துக்குத் தயிர்

கடைசி டின்னையும் தோவா பானைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தாள். கெட்டியான இனிப்புப் பால் மடிந்து மடிந்து உள்ளே இறங்கியது. டின்னில் ஒட்டியிருந்ததைச் சுடுநீர் விட்டு அலசி அதையும் ஊற்றினாள். அதே டின்னால் சுடுநீர், அதே டின்னால் பசும்பால். பியென் ஹோவா என்ற இந்தத் தொழிற்சாலை ஊரில் தயிர் போடுகிற வீடுகளில் வேறு அளவு கிடையாது. புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்கிற சூடு. பழைய தயிரைக் கலந்து, நுரை எழாமல் மெல்லக் கிண்டினாள்.

அறைக்குள் கால் வைக்க இடமில்லை. மீன்காரியிடம் இரவல் வாங்கிய தெர்மோகோல் பெட்டிகள் கட்டிலுக்கு மேலும் கீழும் இருந்தன. பக்கத்து அறை சூயெனுக்கு அன்று ஞாயிறு விடுமுறை. செருப்புத் தொழிற்சாலையின் பசைக் கூடத்தில் வேலை செய்பவள். கதவோரம் உட்கார்ந்து சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டிய எவ்ளோ கழுவியும் கெளுத்தி வாசம் போகலக்கா."

"மூடி போட்ட கிண்ணத்துக்குள்ள கெளுத்தி எப்படிடி நீந்தி வரும்? பேசாம துடை."

தோவாவும் அதே கூடத்தில் ஏழு வருஷம் இருந்தவள்தான். செருப்பின் அடியில் பசை தடவுகிற வேலை. மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்ததும் வெளியே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு தயிர்தான். டீக்கடைக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் போட்டதில் சாப்பாடு ஓடியது, வாடகை ஓடவில்லை. இந்த மாதமும் இப்படியே போனால் மறுபடி பசைக் கூடத்துக்கே போக வேண்டியதுதான் என்று மனசுக்குள் ஒத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தொழிற்சாலை மேலாளர் கியெட் டீக்கடைக்கே தேடி வந்தார்.

"பசைக் கூடத்துல இருக்கிறவங்களுக்கு தினமும் பாலோ தயிரோ குடுக்கணும்னு விதி இருக்கு, தெரியுமா?"

"ஏழு வருஷம் இருந்தேன் சார். ஒரு சொட்டுப் பால் கண்ணுல பாக்கல."

"அதான் இப்ப குடுக்கப் போறோமே. திங்கக்கிழமை வெளிநாட்டுலேருந்து செருப்பு வாங்குற கம்பெனிக்காரங்க வர்றாங்க. கூடத்துல எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு. நல்லபடியா முடிஞ்சா தினமும் உங்கிட்டதான்."

தினமும் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை பெட்டியும். தயிர் விஷயத்தில் தோவாவுக்குப் பயமே கிடையாது. நன்றாக வரும் என்று அவளுக்குத் தெரியும், வந்தும் இருக்கிறது.

கிண்ணங்களை நிரப்பி, பெட்டியில் அடுக்கி, சுற்றிலும் வெந்நீர் விட்டு மூடினாள். மேலே போர்த்த, வடக்கே குளிர் ஊர்களிலிருந்து வேலைக்கு வந்து அதே வரிசையில் தங்கியிருந்த பெண்கள் தங்கள் கனத்த ரஜாய்களைக் கொடுத்தார்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அவற்றுக்கு வேறு வேலையும் இல்லை. இனி யாரும் எதையும் அசைக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்து முகம் கழுவப் போனாள். அதற்குள் கோடி அறையில் தோங் பாட்டுப்பெட்டியைத் திறந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் கூட்டாளிகளும் மைக்கைப் பிடித்தால் அந்த வரிசையே அதிரும். பானை மூடி தானாகக் கிணுகிணுத்தது.

தோவா ஈரக் கையோடு போய் ஒயரைப் பிடுங்கினாள்.

"ஏங்க்கா, நல்லா பாடிட்டிருக்கும்போது..."

"உள்ள தயிர் உறையுது. இப்படிக் குலுக்கினா தண்ணி வேற கட்டி வேறயாப் போயிடும்."

"என் பாட்டுக்குத் தயிர் திரிஞ்சிடுமா?"

"உன் பாட்டுக்குப் பொண்டாட்டியே ஊருக்குப் போயிட்டா. தயிர் எந்த மூலைக்கு?"

கூட்டாளிகள் தொடையில் அடித்துச் சிரித்தார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம் தருவதாகச் சொன்ன பிறகுதான் சமாதானம் ஆயிற்று. சாயங்காலம் வரை தோங் மைக் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, காதல் பாட்டுகளை முணுமுணுத்தான்.

திறந்து பார்த்தபோது தோவாவுக்கே கர்வமாக இருந்தது. கிண்ணத்தைச் சாய்த்தாலும் தயிர் நகரவில்லை. ஒரு வாய் எடுத்தாள். முதலில் இனிப்பு, அப்புறம் மெதுவாகப் புளிப்பு. ஐஸ் உடைத்துப் போட்டு மூடி வைத்தாள்.

காலையில் மொபெட்டின் பின்னால் பெட்டிகளை ரப்பர் பட்டையால் இறுக்கிக்கொண்டு போனாள். காவலாளிகள் வாசலிலேயே இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். அவள் எதிர்ப்பக்க மர நிழலில் காத்திருந்தாள். தினமும் என்றால் பெரிய பானை வேண்டும், மீன்பெட்டி சரிப்படாது, சூயெனையும் வேலையை விட்டு வரச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். கறுப்புக் கார்கள் உள்ளே போயின, வெகு நேரம் கழித்து வெளியே வந்தன.

அவற்றுக்குப் பின்னாலேயே பெட்டிகளும் வந்தன. காவலாளிகள் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தார்கள். காலிப் பெட்டியை யாரும் அப்படித் தூக்க மாட்டார்கள். தோவா மூடியைத் திறந்தாள். எல்லாக் கிண்ணமும் அப்படியே இருந்தன. ஒன்றையும் யாரும் பிரிக்கவில்லை. ஒவ்வொரு மூடியிலும் மஞ்சள் பசையில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது.

கியெட் காசோடு வந்தார். பேசியபடி முழுசாகக் கொடுத்தார்.

"போட்டோ நல்லா வந்திருக்கு. அவங்களுக்கு ரொம்பத் திருப்தி."

"யாருமே சாப்பிடலயே சார்?"

"சாப்பிட விட்டா லைன் நிக்கும். அப்புறம் கை கழுவப் போவாங்க, ஒண்ணுக்குப் போவாங்க. கைல குடுத்தோம், போட்டோ எடுத்தோம், திருப்பி வாங்கிட்டோம். நீ கொண்டு போய் வித்துக்க. உனக்கு ரெட்டை லாபம்."

"தினமும்னு சொன்னீங்களே?"

"அவங்க தினமுமா வர்றாங்க? அடுத்த வருஷம் பாக்கலாம். அப்ப இவ்ளோ கஷ்டப்படாத. அரிசி மாவக் கரைச்சு ஊத்தினாப் போதும். வெள்ளையாத் தெரிஞ்சா சரி."

தோவாவுக்குக் காது சூடேறியது. காசு போயிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. மாவைக் கரைத்து ஊற்று என்று அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

"உன் ஸ்டூல் காலியாத்தான் இருக்கு. நாளைக்கே வேணா வந்துடு," என்றார் அவர்.

"அதுல நீங்க ஒரு நாள் உக்காந்து பாருங்க சார். மூக்குல ரத்தம் வந்தா சொல்லி அனுப்புங்க, தயிர் கொண்டு வரேன்."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

பசை நாற்றம் அடிக்கிற கிண்ணத்தை டீக்கடையில் வாங்க மாட்டார்கள். துணியால் அழுத்தித் துடைத்தும் அந்தக் கறை போகவில்லை. விற்க வேண்டாம் என்று தோவா முடிவு செய்தாள். ஐஸ்காரனிடம் புதிதாக ஐஸ் வாங்கிப் போட்டுவிட்டு, மரத்தடியிலேயே உட்கார்ந்தாள்.

ஷிஃப்ட் விட்டதும் நீலச் சட்டைகள் வாசலில் கொட்டின. சூயென்தான் முதலில் ஓடி வந்தாள்.

"அக்கா, கையில குடுத்தாங்க, சிரிக்கச் சொன்னாங்க. சிரிச்சு முடிக்கறதுக்குள்ள பிடுங்கிட்டாங்கக்கா."

"தெரியும். பசைக் கூடத்து ஆளுங்கள எல்லாம் கூப்பிடு."

வந்தார்கள். தன் விரல் இது, உன் விரல் அது என்று மூடிகளைப் பார்த்துச் சண்டை போட்டுச் சிரித்தார்கள். சாலையோரக் கல்லில் வரிசையாக உட்கார்ந்து வழித்து வழித்துத் தின்றார்கள். "தோவா, கை மணக்குதுடி," என்று ஒருத்தி சத்தமாகச் சொன்னாள். நாளை முதல் இதே மரத்தடிக்கு வருவதாகவும், காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றும் தோவா அவர்களிடம் சொன்னாள். ஆகட்டும் என்றார்கள். வாடகைக்கு அது போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தியெம் அக்கா மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் இருபது வருஷமாக இருப்பவள், தோவாவுக்கே வேலை பழக்கியவள். தன் கிண்ணத்தை நெஞ்சுக்கு நேராக, இரண்டு கையாலும், போட்டோவுக்குப் பிடிக்கச் சொன்ன மாதிரியே முகம் தெரியும்படி பிடித்திருந்தாள்.

"உக்காருங்கக்கா. ஏன் நிக்கறீங்க?"

தியெம் தொழிற்சாலை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இப்பத் தொறக்கலாமா தோவா?"