முகர்ந்த மாலை

அது தை மாதமா மாசியா என்று இப்போது குழப்பமாக இருக்கிறது. அன்று கட்டிய பூ மல்லி என்று ஒரு நினைவு. இல்லை, இருவாட்சி என்று இன்னொரு நினைவு. சௌமியாவின் கோபத்தில் மட்டும் சந்தேகமில்லை.

காய்ச்சலில் போன முகரும் சக்தி அவளுக்குத் திரும்பவே இல்லை. புத்தூர் டாக்டர் ஒருவர் கண்ணை மூடச் சொல்லிக் குப்பி குப்பியாக மூக்கருகே நீட்டினார். காபி, கிராம்பு, சோப்பு என்று வாயில் வந்ததைச் சொன்னாள். அத்தனையும் சரி. எப்படிச் சரியாயிற்று என்று அவளுக்கே தெரியாது. மூக்கில் வெறும் காற்றுதான் இருந்தது. டாக்டர் 'நார்மல்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் கணவன் பாலமுரளி திருச்சியில் தத்துவப் பேராசிரியர். மூளையில் நடப்பதற்கு மேல் அனுபவம் என்று தனியாக ஒன்றும் இல்லை என்பது அவன் கட்சி. திங்கட்கிழமை கருத்தரங்கில் அவளையே உதாரணம் காட்டப்போகிறான்: மணம் தெரிந்தும், தெரியவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கும் பெண்.

ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் அவள் மாலை கட்டிக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னான்.

"என்னைப் பொய்க்காரின்னு மேடையேறிச் சொல்லப்போறேள். அதை எடுத்துடுங்கோ."

"பொய்னு சொல்லலடி. தப்பா நெனச்சுண்டிருக்கேன்னு சொல்றேன்."

"என் மூக்குல என்ன இருக்குன்னு என்னைவிட உங்களுக்குத் தெரியுமோ?"

காபி குடிக்க வந்திருந்த சக ஆசிரியர் ஸ்தனிஸ்லாஸ் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் போயிட்டு அப்புறம் வரேங்க."

"உக்காருங்கோ சார். அந்தக் காபி எனக்கு வெறும் வெந்நீர். உங்க சிநேகிதர்தான் அதுவும் காபின்னு நிரூபிப்பார்."

பாலமுரளி சிரித்தான். "உனக்கு என்னடி நஷ்டம்? பெருமாளுக்குக் கட்டற பூவை நம்மாத்துல யாரும் மோந்து பார்க்கப்படாது. நீயும் பார்த்ததில்லை. மாலை அப்பவும் அதே மாலை, இப்பவும் அதே மாலை."

சௌமியாவின் விரல்கள் நாரின் மேல் நின்றன. இத்தனை வருஷமும் வாசனை மூக்குவரை வந்து நிற்கும். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பூவைக் கடைக்காரன் கொடுத்தான். பெருமாளுக்கு அவள் கொடுத்தது அந்தத் திருப்பல்தான். இப்போது திருப்பிக்கொள்ள எதுவும் இல்லை. அது இவனுக்கு நஷ்டமாகவே படவில்லை.

மாலையை அள்ளி, முகத்தை அதில் அழுத்தி, நெஞ்சு நிறைய இழுத்தாள். ஒன்றும் வரவில்லை.

"இந்தாங்கோ. பெருமாளுக்குச் சாத்துங்கோ."

அவன் கை நீளவில்லை.

"எடை கொறஞ்சுதா? நிறம் மாறித்தா? பூவுலேருந்து நான் எதை எடுத்துண்டேன், சொல்லுங்கோ."

"அது... சம்பிரதாயம்."

"அனுபவம்னு தனியா ஒண்ணும் இல்லேன்னா, அதை முதல்ல பெருமாளுக்குன்னு எதுக்கு ஒதுக்கி வெச்சேள்?"

ஸ்தனிஸ்லாஸ் மெதுவாகக் கேட்டார். "சார், திங்கட்கிழமை யாராவது இதைக் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

பாலமுரளி செருப்பை மாட்டிக்கொண்டு வேறு பூ வாங்கப் போனான்.

கருத்தரங்கில் அந்த உதாரணத்தைச் சொல்லத்தான் செய்தான், கைதட்டலும் கிடைத்தது. பிறகு துறைத்தலைவரானான். ஸ்தனிஸ்லாஸ் ஓய்வுபெற்றுக் காட்டூரில் இருக்கிறார். சௌமியாவுக்கு மணம் திரும்பவில்லை. அன்றோடு மாலை கட்டுவதையும் நிறுத்திவிட்டாள். பெருமாளுக்கு இப்போது கடைச்சரம்தான். அதை யார் முகர்ந்தார்கள் என்று பாலமுரளி கேட்பதில்லை.