மேளம் அடிக்காத மாதம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. அண்ணன் அஷிட்டேயும் தங்கை அயோர்கோரும் தனித்தனியாக வந்து என்னிடம் கொட்டிவிட்டுப் போனது. இருவரும் அக்ராவில் எங்கள் சந்துக்காரர்கள். எழுதுகிறவன் வாய்க்குப் பூட்டுப் போட்டவன் என்று யாரோ இவர்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

2

முதல் தொடக்கம்: அயோர்கோர் மேளத்தின் முன் உட்கார்ந்தால் சபையே எழுந்து—

வேண்டாம். இந்த மாதம் அவள் மேளத்தைத் தொடவே கூடாது. அதுதான் விவகாரம்.

சரி, நேராகச் சொல்கிறேன். சோளம் விதைத்தபின் எங்கள் ஊரில் ஒரு மாதம் மேளம் கிடையாது. விதை முளைக்கத் தெய்வங்களுக்கு அமைதி வேண்டும். அயோர்கோர் போகும் கிறிஸ்தவச் சபையும் அந்த மாதம் கைதட்டியே பாடும். பின்னால் அறுவடை விழா வந்ததும் சபையார் அஷிட்டே வீட்டில் சோளப் புட்டும் மீன் குழம்பும் சாப்பிடுவார்கள். போன வருடம் புதுப் பாஸ்டர் வந்தார், பெரிய ஸ்பீக்கர்களோடு. இந்த வருடம், நாளை ஞாயிறு ஆராதனையில் மேளம் உண்டு என்று அறிவித்துவிட்டார். அஷிட்டேயோ, தடையை மீறும் மேளங்களைப் பறிக்கக் குலப் பூசாரி அனுப்பும் ஆட்களில் ஒருவன்.

3

(பாஸ்டரை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அயோர்கோரின் குழந்தை காய்ச்சலில் கிடந்தபோது முட்டிபோட்டு ஜெபித்தவர் அவர். அவரை அவள் நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?)

4

நேற்று, அண்ணன் வீட்டு அடுப்படியில்:

"அண்ணே, நாளன்னிக்கு ஒரு நாள் வேற தெருவுக்குப் போயேன்."

"நீ வேற சபைக்குப் போயேன்."

"கிண்டல் பண்ணாத. அடிக்கலேன்னா விசுவாசமில்லாதவன்னு என்னை ஒதுக்கிருவாங்க."

"கையத் தட்டுனா உங்க ஆண்டவருக்குக் காது கேக்காதோ?"

"மேளம் கேட்டா உங்க தெய்வத்துக்குத் தூக்கம் கெட்டுருமோ?"

"கெடும்டி. அப்புறம் சோளமும் வராது, என் வீட்டுச் சட்டியில நீ கைய விடவும் முடியாது."

அவள் கண் கலங்கியதும் அவன் இறங்கிவந்தான்.

"சரி சரி, வேற தெருவுக்கே போறேன்."

5

இன்று காலை அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணன் வரமாட்டான் மாமா. அதனால அடிச்சிருவேன். வேற எவன் வந்தாலும் பாத்துக்கலாம்."

மதியம் அவன் வந்தான்.

"நாளைக்கு நான் இங்கதான் வரப்போறேன், அவ சபைக்கு. மத்தவனுங்க வந்தா அவ மேல கைய வெச்சிருவானுங்க. என்னைப் பாத்தா அவ குச்சியையே எடுக்கமாட்டா. அவகிட்ட சொல்லிராதீங்க."

[அவன் வாசலுக்கு வரும்போது பாட்டு பாதியில் இருக்கும், மேளமும். இது அவனுக்குத் தோன்றவே இல்லை.]

6

ஒரு முடிவு: அவன் ஊர் பார்க்க மேளத்தைப் பறிக்கிறான். தங்கை அதன்பின் அவன் வீட்டுப் படி ஏறுவதில்லை.

இன்னொன்று: அவன் பறிக்காமல் நிற்கிறான். கூட வந்தவர்கள் முதலில் அவனை அடிக்கிறார்கள்.

மூன்றாவது: இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து— (கிழித்துப் போட்டேன். இந்த விஷயத்தில் எங்கள் சந்தில் யாரும் இப்போது சிரிப்பதில்லை.)

7

இன்னும் சனிக்கிழமைதான். ஜன்னல் வழியே பார்க்கிறேன். அயோர்கோர் மேளத்தின் தோலை இழுத்துக் கட்டுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே ஒரு முடிவை எழுதிவிட்டால், எழுந்து போகாமலிருக்க எனக்கு நல்ல சாக்கு கிடைத்துவிடும்.

அவளிடம் உண்மையைச் சொன்னால் மேளம் அடிக்கமாட்டாள், அவளுக்குச் சபை போகும். சொல்லாவிட்டால் அவளுக்கு அண்ணன் இல்லாமல் போவான். அவனைத் தடுத்தால் மற்றவர்கள் வருவார்கள்.

பேனாவை மூடிவிட்டேன், செருப்பையும் மாட்டிவிட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்: யார் வீட்டுக் கதவை நான் தட்டட்டும்?