பின்னறைக்காரி

அப்பா இறந்த மாதமே அண்ணன் ஓர் உயிலை எடுத்து நீட்டினார். நிலம், வீடு எல்லாம் மூத்தவனுக்கே என்று அதில் இருந்தது. அடுத்த வாரம் தம்பி இன்னோர் உயிலை நீட்டினான். அதில் எல்லாம் இளையவனுக்கே. உயிரோடு இருந்தவரை மளிகைச் சீட்டைக்கூட என்னை எழுதச் சொன்ன மனுஷன், போகிற காலத்தில் மாற்றி மாற்றி உயிலாக எழுதித் தள்ளியிருக்கிறார் பாருங்கள்! எப்போது எழுதினார் என்று கேட்டேன். நான் தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்த நேரத்தில் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். நான் வெளியே போவதே அபூர்வம்.

கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து பாகம் பிரிக்காத நிலம் அது. அதன் ஓரத்தில் வீடு. வீட்டுப் பின்னறையில் நானும் என் தையல் மெஷினும். புருஷனை இழந்து திரும்பி வந்தபோது அப்பா கொடுத்த இடம். துணி தைக்க வருகிறவர்கள் முன்வாசலை மிதிக்கக் கூடாது, சந்து வழியாகத்தான் வர வேண்டும் என்பது அண்ணி போட்ட சட்டம். அப்பா படுத்த படுக்கையானதும் தன் கட்டிலை என் அறையிலேயே போடச் சொல்லிவிட்டார். மெஷின் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்பார்.

இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள். கேஸில் யார் ஜெயித்தாலும் எனக்குத் தெருதான். அண்ணி அந்த அறையைச் சாமான் போட அளந்து வைத்துவிட்டாள். தம்பி பெண்டாட்டி அங்கே குளியலறை கட்ட டைல்ஸே பார்த்துவிட்டாள்.

இதற்கிடையில் இரண்டு பேருக்கும் நான் சாட்சியாக வேண்டியிருந்தது.

"நீ எம்பக்கம் சொல்லும்மா," என்றார் அண்ணன். "கவலையே படாதே, பின்னறை உனக்குத்தான்."

அவர் தலை மறைந்ததும் தம்பி வந்தான். "அக்கா, அந்த ஆளை நம்பி மோசம் போயிடாதே. எனக்குச் சாட்சி சொல்லு. பின்னறை உனக்குத்தான்."

அடேயப்பா, என்ன தாராளம்! நடந்ததைத்தான் சொல்வேன் என்றேன். இரண்டு பேரும் சந்தோஷமாகப் போனார்கள். அவரவர் உயிலை அவரவரே நம்பத் தொடங்கியிருந்தார்கள், பாவம்.

கோர்ட்டில் கையெழுத்து நிபுணர்களை ஆளுக்கொருவராகக் கூட்டி வந்தார்கள். தம்பியின் உயிலில் இருப்பது அப்பா கையெழுத்தே இல்லை என்று அண்ணன் தரப்பு அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியது. அண்ணனுடையதைத் தம்பி தரப்பும் அதே லட்சணத்தில் கிழித்தது. இருவரும் வெற்றிக் களிப்பில் இருந்தார்கள்.

பிறகு என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, உயில்களை வாய்விட்டுப் படித்தார்கள். அன்றுதான் முழுசாகக் கேட்டேன். கிணறு இருந்தது. மோட்டார் இருந்தது. அச்சு முறிந்து கிடக்கிற வண்டிகூட இருந்தது. நான் இல்லை. இரண்டிலும் இல்லை. ஒருவேளை அப்பாவே என்னை மறந்து நிஜமாகவே எழுதிவிட்டாரோ என்று அந்த நிமிஷம் எனக்குச் சந்தேகம் வந்தது. சாட்சிக் கூண்டிலேயே அழுதேன்.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க யாரும்மா?"

"அவரோட மகள்."

"கடைசிக் காலத்துல அவரை யார் பார்த்துக்கிட்டாங்க?"

"நான்தாங்க. கையால ஒண்ணும் பிடிக்க முடியாது. நான்தான் ஊட்டுவேன். என் அறையிலதான் படுத்திருந்தார்."

நீதிபதி இரண்டு உயில்களையும் திரும்பப் புரட்டினார். "முறிஞ்ச வண்டியை ஞாபகம் வெச்சிருந்த மனுஷன், சோறு ஊட்டின மகளையா மறப்பார்?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி மின்விசிறியைப் பார்த்தான். என்னை மறந்தது அப்பா இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த அழுகை நின்றுவிட்டது.

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. இரண்டு உயிலும் செல்லாது. பரம்பரைச் சொத்து, மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு.

எதிரெதிர் வாசலில் கோர்ட்டுக்குள் போனவர்கள், மறுநாள் வக்கீலைப் பார்த்துவிட்டு ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். அண்ணி எனக்குக் காபி கொண்டுவந்தாள். சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டாள்! என் பங்கை இருவருக்கும் விட்டுக்கொடுப்பதாக ஒரு பத்திரம் தயாராக இருந்தது.

"சும்மா ஒரு கையெழுத்தும்மா," என்றார் அண்ணன். "கூடப் பொறந்தவங்களுக்குள்ள என்ன கணக்கு?"

"பின்னறை எப்பவும் உனக்குத்தான்க்கா," என்றான் தம்பி.

காபியைக் குடித்து முடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"நாளைக்கு சர்வேயர் வர்றார்," என்றேன். "என் பங்குக்கு முன்னறையைக் கேட்டிருக்கேன். தையல் கடைக்கு அதான் தோது. அப்பா கட்டிலையும் அங்கேயே போட்டுக்கறேன்."

அண்ணன் பத்திரத்தைத் திரும்ப மடித்தார், தம்பி பேனாவைப் பையில் செருகினான். பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

"நீங்க கவலையே படாதீங்க," என்றேன். "பின்னறை உங்களுக்குத்தான்."